ஜோதிமணி பெயரில் போனவள்

ஜோதிமணிக்கு வெட்கம் என்றால் கொஞ்சநஞ்ச வெட்கம் இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், காலேஜ் படிக்கிற மகள் ஒருத்தி, வயது நாற்பத்து நான்கு. இன்னமும் தையல்காரியிடம் நின்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க மாட்டாள். பழைய ஜாக்கெட் ஒன்றைச் சுருட்டி அவள் கையில் திணித்துவிட்டு ஓடி வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் வேலை பார்க்கிற ஓசூர் கம்பெனி வாசலில் மார்பகப் புற்றுநோய் பரிசோதனை வண்டி வந்து நின்றால் அவள் பாடு என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

வண்டி வருவதற்கு முதல் நாளே கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். ரஞ்சிதா என்ற நர்ஸ் வந்து பேசினாள். நல்ல பெண், பொறுமையாகத்தான் சொன்னாள். மார்பில் கட்டி, தோலில் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பில் ரத்தமோ நீரோ கசிவது, அக்குளில் நெறி கட்டுவது, இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். எதுவும் தெரியாவிட்டாலும் நாற்பது வயது தாண்டியவர்கள் வண்டிக்குள் போய் மெஷினில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், கைக்குத் தட்டுப்படும் முன்பே கண்டுபிடித்துவிடலாம் என்றாள். முன்வரிசை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பின்வரிசை தரையைப் பார்த்தது. ஜோதிமணி தன் கால் கட்டைவிரலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலன்னாகூட இருக்குமாம்மா?" என்று பக்கத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது. சாந்தம்மா.

"பெரும்பாலும் வலிக்காதுங்க்கா. வலிச்சாத்தான் வியாதின்னு நெனைக்கறதாலதான் நம்ம பொம்பளைங்க லேட்டா வர்றாங்க" என்றாள் ரஞ்சிதா.

"பாத்தியா, இவளுக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சாந்தம்மா கேள்வி கேட்பது புதிதில்லை. போன மாதம் தீயணைப்புக் கூட்டத்தில், தீப்பிடித்தால் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று கேட்டவள் அவள்.

சாந்தம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தேழு வயது. தொரப்பள்ளிப் பக்கம் வீடு. வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவளும் ஜோதிமணியும் எட்டு வருஷமாக ஒரே போர்டில் எதிரெதிரே நிற்கிறார்கள். வண்டிகளுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் வேலை அது. சாய்ந்து நிற்கும் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி. சிவப்பு ஒயரை ஒருத்தி நீட்டுவதற்குள் மற்றவள் கை வந்து வாங்கிக்கொள்ளும். சாந்தம்மா வாய் ஓயாமல் பேசுவாள், ஜோதிமணி உம் கொட்டுவாள். பாரூரில் இருந்து பிழைப்புக்காகக் குடும்பத்தோடு ஓசூருக்கு வந்து யாரும் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஜோதிமணிக்கு, இந்த ஊரில் கிடைத்த முதல் சொந்தம் அவள்தான். கூடப் பிறந்த தங்கைகூட இத்தனை நேரம் அவள் முகத்தைப் பார்த்து நின்றதில்லை.

அந்த லைனில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி பாத்ரூம் போனாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தாலோ, எதிரே நிற்பவள் இரண்டு பக்க வேலையையும் சேர்த்துச் செய்வாள். செய்துவிட்டு, போனவளுடைய நம்பர் ஸ்டிக்கரையே ஒட்டி அனுப்பிவிடுவாள். யாரும் கேட்டதில்லை. ஜோதிமணி நம்பரில் சாந்தம்மா சுற்றிய கட்டுகளும், சாந்தம்மா நம்பரில் ஜோதிமணி சுற்றியவையும் எத்தனை வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ, அது அந்த வண்டிகளுக்குத்தான் தெரியும்.

வண்டி வந்த அன்று கம்பெனி பஸ்ஸிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ரெண்டு பலகைக்கு நடுவில் வைத்துச் சப்பாத்தி மாதிரி அமுக்குவார்களாம். மேலே ஒன்றும் போட்டுக்கொள்ளக் கூடாதாம். ஜோதிமணி இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டாள்.

லைன் லீடர் விஜயகுமாருக்கோ வேறு கவலை. எந்த லைனில் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போனார்கள் என்று சுவரில் சார்ட் ஒட்டியிருந்தார்கள். அவன் லைனில் பன்னிரண்டு பேர் நாற்பது தாண்டியவர்கள், பதினொரு பேர் போய் வந்தாயிற்று.

"அக்கா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி. போயிட்டு வந்துட்டீங்கன்னா நம்ம லைன் நூறு பர்சென்ட்டு. மேலேர்ந்து எனக்குத்தான் கேள்வி வருது" என்று கெஞ்சிவிட்டு, அவள் பெயர் எழுதிய சீட்டைப் போர்டில் செருகிவிட்டுப் போனான்.

ஜோதிமணி சீட்டைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"குடு இங்க" என்றாள் சாந்தம்மா. "நான் போயிட்டு வந்துடறன்."

"உனக்கு நாப்பது ஆவலயேடி."

"உன் நம்பருக்கு நான் வேல செய்யறது புதுசா? நீ ரெண்டு பக்கமும் பாத்துக்க. பத்து நிமிஷம்."

ஜோதிமணி சீட்டைக் கொடுத்தாள். கொடுத்தபோது ஒரு நிம்மதி. அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சுற்றினாள். அரை மணி கழித்து சாந்தம்மா வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"எப்படிடி இருந்துச்சு?"

"சப்பாத்தி நல்லா வந்துச்சு" என்றாள் சாந்தம்மா. ஜோதிமணி சிரித்த சிரிப்பில் டேப் கைநழுவி விழுந்தது. சுவரில் அவர்கள் லைனுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

பத்து நாள் கழித்து, மதிய இடைவேளையில் லாக்கரில் இருந்து போனை எடுத்தபோது மூன்று தவறிய அழைப்புகள் இருந்தன. திரும்பக் கூப்பிட்டாள்.

"ஜோதிமணி அக்காங்களா? நான் ரஞ்சிதா பேசறன், கேம்ப்புக்கு வந்த நர்ஸ். உங்க படத்துல வலது பக்கம் ஒரு எடத்துல சந்தேகமா இருக்குங்க்கா. ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், தேவைப்பட்டா ஊசில கொஞ்சம் சதை எடுப்பாங்க. இப்படிக் கூப்புடறவங்கள்ல நெறைய பேருக்கு ஒண்ணுமே இருக்காது, பயப்படாதீங்க. ஆனா தள்ளிப் போடக் கூடாது. செவ்வாக்கெழம காலைல ஆஸ்பத்திரிக்கு வந்துடறீங்களா?"

ஜோதிமணியின் கை தானாக வலது மார்பை நோக்கிப் போனது. கேன்டீன் சத்தம் முழுக்க எங்கோ தூரத்தில் கேட்டது. மகள் முகம் வந்தது, புருஷன் மாதேஸ்வரன் முகம் வந்தது. பிறகு, பாதி வழியில் நின்ற கையோடு, அவளுக்கு நினைவு வந்தது. நான் போகவே இல்லையே!

அப்பாடா என்று இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அப்படித்தான் இருந்தது, மூச்சு திரும்பி வந்தது. என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை சாமி.

அப்போது கேன்டீனின் அந்தக் கோடியில் சாந்தம்மா சிரிப்பது கேட்டது. ஜோதிமணியின் டப்பாவில் இருந்து எலுமிச்சை ஊறுகாயைத் திருடி, தன் தட்டில் வைத்துக்கொண்டு, யாரிடமோ கதை அளந்துகொண்டிருந்தாள். ஜோதிமணி அவளைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சந்தோஷப்பட்ட தன் நெஞ்சைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாந்தம்மாவே கேட்டாள், "என்னாக்கா, மூஞ்ச தொங்கப் போட்டுனு இருக்க? அண்ணன் எதனா சொல்லிச்சா?" ஜோதிமணி இல்லை என்று தலையை ஆட்டினாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அன்று நீல ஒயர் போக வேண்டிய இடத்தில் பச்சை ஒயரை மாட்டி, டெஸ்டிங்கில் விளக்கு எரியாமல் கட்டு திரும்பி வந்தது.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு நடக்கும்போது, கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். ரஞ்சிதா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவள்தான் அழுதுகொண்டிருந்தாள், சாந்தம்மா இல்லை.

"போன் உனக்குத்தானே வந்துச்சு?" என்றாள் சாந்தம்மா.

"என்னாடி பேசற? போனது நீ."

"மெஷின் தப்பா காட்டியிருக்கும். நாப்பது ஆவாதவங்களுக்குப் படம் சரியா தெரியாதுன்னு அந்த நர்ஸ் பொண்ணே சொல்லிச்சு."

"அதான் திரும்ப வரச் சொல்றாங்க. வா, செவ்வாக்கெழம ரெண்டு பேரும் போலாம். நடந்தத சொல்லிக்கலாம்."

"சொல்லிட்டு? நாம காண்ட்ராக்ட்டுக்கா. ஆள் மாத்திப் போனோம்னு தெரிஞ்சா ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளிய நிறுத்திடுவாங்க. உன் பொண்ணு காலேஜு இருக்குது. பேசாம விடு." சாந்தம்மா கையை உருவிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறினாள். எப்போதும் ஜோதிமணிக்கு இடம் போட்டு வைப்பவள், அன்று வேறு யாருக்கோ பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜோதிமணி வெட்கக்காரிதான். ஆனால் பிடித்தால் விடமாட்டாள், அது பாரூர்க்காரர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலைப் பாதியில் மகளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறித் தொரப்பள்ளிக்குப் போய் இறங்கினாள்.

சாந்தம்மா வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"உன் வீட்டுக்காரரு எங்க?"

"தோட்டத்துல. பீர்க்கங்கா அறுக்கறாரு."

"நல்லதாப் போச்சு." ஜோதிமணி துவைக்கும் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "இப்ப சொல்லு. எனக்குப் பதிலா ஏன் போன? பத்து நிமிஷ வேலைன்னு போனவ, மூஞ்சி கழுவிட்டு வந்த. அழுதியா?"

சாந்தம்மா கையில் இருந்த துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் பாக்கியில்லை.

"ஆடி மாசத்துலேர்ந்து இருக்குதுக்கா" என்றாள்.

"எது?"

"குளிக்கறப்ப கைல பட்டுச்சு. புளியங்கொட்ட மாதிரி. நகரவே நகரல. கையத் தூக்குனா அந்த எடத்துல தோலு உள்ள போவுது, குழியா. வலியே இல்ல. வலிச்சிருந்தா உன்கிட்ட அன்னிக்கே சொல்லியிருப்பன். வலிக்கலயே, என்னான்னு சொல்றது?"

ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி வந்துவிட்டது. நான்கு மாதம் எதிரிலேயே நின்றிருக்கிறாள். நான்கு மாதமும் கதை பேசியிருக்கிறாள், ஊறுகாய் திருடியிருக்கிறாள். அன்றைக்குக் கூட்டத்தில் கேட்ட கேள்வி இப்போது ஜோதிமணி காதில் திரும்பக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்களே, நானும்தானே சிரித்தேன்.

"கூட்டத்துல அந்தப் பொண்ணு ஒண்ணு ஒண்ணா சொல்றப்ப எனக்கும் அதேதான்னு தெரிஞ்சிபோச்சு" என்றாள் சாந்தம்மா. "ஆனா சீட்டு நாப்பதுக்கு மேலதான். தனியா போய்க் கேட்டா ஏன் என்னான்னு கேப்பாங்க, லைன் முழுக்கத் தெரிஞ்சிடும். அப்பறம் உன் சீட்டு வந்துச்சு."

"அதுக்கு என் பேர்லயாடி போவ? உள்ள போயாவது அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

"உன் பேரு ராசியான பேருக்கா." சொல்லும்போதே அவளுக்கு உடைந்துவிட்டது. "உனக்கு ஒரு கெட்டதும் வந்தது கெடையாது. உன் பேர்ல போனா ஒண்ணும் இல்லன்னு வந்துடும், அப்படியே மறந்துடலாம்னு நெனச்சன். சிவனே, உனக்குப் போன் வரும், நீ பயப்படுவன்னு எனக்குத் தோணவே இல்லக்கா. சத்தியமா தோணல."

ஜோதிமணி எழுந்தாள். "அறிவுகெட்ட கழுத!" என்று அவள் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அடித்த கையாலேயே இழுத்து அணைத்துக்கொண்டாள். சோப்பு நுரையும் ஈரத் துணியுமாக இரண்டு பேரும் அந்தக் கல்லருகே நின்று அழுதார்கள். யாரைப் பார்த்தும் கூசுகிற ஜோதிமணிக்கு, அக்கம்பக்கத்து ஓட்டை வேலி வழியாக மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தது அன்று ஒரு பொருட்டாகவே படவில்லை.

கூடை நிறையப் பீர்க்கங்காயோடு சாந்தம்மாவின் புருஷன் கங்கப்பன் வந்தார். "அடடே, அக்கா! வாங்க வாங்க, காய் எடுத்துனு போங்க" என்று ஆரம்பித்தவர் இரண்டு முகங்களையும் பார்த்து நின்றுவிட்டார்.

"நீயே சொல்லு" என்றாள் ஜோதிமணி.

சாந்தம்மா கன்னடத்தில் சொன்னாள். ஜோதிமணிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கங்கப்பன் கேட்டுக்கொண்டிருந்ததில் முழுவதும் புரிந்தது. அவர் கூடையைத் தலையில் இருந்து இறக்கவே இல்லை. கடைசியில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே போய் பைக் சாவியோடு வந்தார்.

"நட, ஹோகோணா" என்றார். போகலாம் என்றால் இப்போதே போகலாம்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமங்க" என்றாள் சாந்தம்மா.

"அதனால?"

"டாக்டர் இருக்க மாட்டாங்க அண்ணா. செவ்வாக்கெழமதான் வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் ஜோதிமணி.

கங்கப்பன் மடித்துக் கட்டிய வேட்டியில் சாவியைச் செருகிக்கொண்டார். அப்புறம் சாந்தம்மாவின் முன்னால் வந்து நின்று, "என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். திட்டவில்லை, அதைத்தான் சாந்தம்மாவால் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ரஞ்சிதா பைலோடு வந்து, "ஜோதிமணி?" என்று கூப்பிட்டாள். இரண்டு பெண்களும் எழுந்து நின்றார்கள். ரஞ்சிதா பைலைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள்.

"ஜோதிமணி நான்தாம்மா" என்றாள் ஜோதிமணி. "ஆனா அந்தப் படம் என்னுது இல்ல."

சாந்தம்மாவின் கை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜோதிமணி மேலே பேசுவதற்கு முன்னாலேயே சாந்தம்மா பேசினாள். "என்னுதும்மா. என் பேரு சாந்தம்மா. எனக்குக் கட்டி இருக்குது, நாலு மாசமா இருக்குது. பயந்துகினு இவங்க பேர்ல வந்துட்டன்."

ரஞ்சிதாவுக்குக் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்? "இவங்க அன்னிக்கு ஒண்ணுமில்லன்னு அந்தப் போனை வெச்சிருந்தா உங்க கதி என்னாக்கா? யார்னு நாங்க எங்க போய்த் தேடறது?" என்று நன்றாகத் திட்டினாள். "கட்டி இருந்தா வயசெல்லாம் யாரும் பாக்க மாட்டோம். முப்பதானாலும் சரி, இருபத்தஞ்சானாலும் சரி, நேரா வரலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே பாத்திருப்போம்." திட்டி முடித்து, புதுப் பைல் எடுத்து, சாந்தம்மா என்று பெரிதாக எழுதினாள். அதன் பிறகு ஜோதிமணி பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க இன்னும் எடுக்கவே இல்ல?"

ஜோதிமணி வாசல் பக்கம் பார்த்தாள்.

"அக்கா போனாத்தான் நான் போவன்" என்றாள் சாந்தம்மா. இத்தனை கலவரத்திலும் அவள் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

ஜோதிமணி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இதற்காகவே போகலாம் என்று தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே இருந்தவளும் பெண்தான். ஒரு மேலங்கி கொடுத்தாள், இப்படித் திரும்புங்க, அப்படி நில்லுங்க, மூச்சைப் பிடிங்க என்றாள். அமுக்கியது உண்மைதான், கொஞ்சம் வலித்ததும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிட்டது. ஜாக்கெட்டுக் கொக்கியை மாட்டிக்கொண்டே வெளியே வந்தவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"இவ்வளவுதானா? இதுக்கா நான் அழுதன்?" என்றாள் அங்கிருந்த எல்லோரிடமும்.

பிறகு சாந்தம்மா போனாள். டாக்டரம்மா கையால் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியில் சதை எடுத்தார்கள். கதவுக்கு வெளியே கங்கப்பன் தன் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஜோதிமணிக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் பையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கங்கப்பனிடம் நீட்டினாள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்றுநோய்தான்.

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனா சின்னது. இன்னும் அக்குளுக்குப் போன மாதிரி தெரியல. கட்டியை மட்டும் எடுக்கலாம், முழு மார்பையும் எடுக்க வேண்டியிருக்காது. மருந்து ஏத்தணும், கதிர்வீச்சுக் கரண்ட்டு வெக்கணும். கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இந்த நேரத்துல வந்தவங்க நெறைய பேர் நல்லா ஆகி வீட்டுக்குப் போயிருக்காங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இப்படிப் பேசியிருக்க முடியாது" என்றார்.

சாந்தம்மா வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டாள். "வேலைக்குத் திரும்பப் போலாமா டாக்டரம்மா?"

"தாராளமா."

"இவங்க எதிர்லயே?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஜோதிமணிக்குப் புரிந்தது, அவள் எழுந்து வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனியில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இ.எஸ்.ஐ. அட்டையில் சாந்தம்மா என்ற பெயருக்குத்தான் வைத்தியம். ஜோதிமணியே போய் விஜயகுமாரிடம் சொன்னாள். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். சுவரில் இருந்த பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தான், ஜோதிமணியைப் பார்த்தான்.

"அக்கா, நான்தான் உங்கள நச்சரிச்சன்" என்றான். பிறகு அவனே ஆபீஸுக்குப் போய்ப் பேசினான். என்ன பேசினானோ, திட்டு விழுந்ததே தவிர வேலை போகவில்லை. திரும்பி வந்தவன் குரலைத் தணித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு அம்பத்திரண்டு ஆவுது. வெளியாளுங்களயும் பாப்பாங்களாக்கா?" என்று கேட்டான். ஜோதிமணி ரஞ்சிதாவின் நம்பரைக் கொடுத்தாள்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. மருந்து ஏற்றினார்கள். சாந்தம்மாவின் முடி கொட்டியது, வாய் புண்ணாகி ஊறுகாயைப் பார்த்தாலே முகத்தைச் சுளித்தாள். அந்த எட்டு மாதமும் ஜோதிமணிக்கு எதிரே வேறொரு பெண் நின்றாள். நல்ல பெண், வேகமான கை. ஆனால் பேச்சே கிடையாது, ஜோதிமணி பேசினால் உம் கொட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜோதிமணி தொரப்பள்ளி பஸ்ஸில் ஏறினாள். போய் உட்கார்ந்து, அந்த வாரம் லைனில் நடந்த வம்பையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். வாழ்நாளில் அவ்வளவு பேசியதில்லை அவள். சோர்ந்து படுத்தபடி சாந்தம்மா உம் கொட்டுவாள். ஒரு தடவை கங்கப்பன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "ஆள் மாறிப்போச்சே" என்று சிரித்தார்.

மறுபடி ஐப்பசி வந்தது. மறுபடி வெள்ளை வண்டி வந்து கம்பெனி வாசலில் நின்றது.

இந்தத் தடவை வண்டிப் படிக்கட்டின் கீழே ஒரு நாற்காலி. அதில் சாந்தம்மா. தலையில் முடி இரண்டு அங்குலம் முளைத்துச் சுருண்டிருந்தது. ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆபீஸில் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். திருட்டு வழி தெரிந்தவளைத்தானே காவலுக்குப் போட வேண்டும் என்று விஜயகுமார் யோசனை சொன்னானாம். சீட்டையும் அடையாள அட்டையையும் வாங்கி, போட்டோவைப் பார்த்து, முகத்தை நிமிர்த்திப் பார்த்து, அப்புறம்தான் மேலே ஏற விட்டாள். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட அவ்வளவு கெடுபிடி இருக்காது.

வரிசைக்கு வெளியே, கை விரல்களைப் பின்னிக்கொண்டு ஒரு பெண் தயங்கி நின்றாள். முப்பது வயது இருக்கும். கையில் சீட்டு இல்லை. சாந்தம்மா அவளைப் பார்த்தாள். எழுந்து போனாள்.

"என்னாம்மா, எதனா தட்டுப்படுதா?"

அந்தப் பெண் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். கண் கலங்கியது.

"சீட்டு வேணாம். வயசு வேணாம்" என்றாள் சாந்தம்மா. அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டு வரைக்கும் கூட்டி வந்தாள். "உன் பேரு என்னா?"

"சுஜாதா."

"உள்ள போய் அந்தப் பேரையே சொல்லு. வேற யார் பேரும் வேணாம். நான் இங்கியேதான் உக்காந்திருப்பன், நீ வர்ற வரைக்கும்."

சுஜாதா ஏறினாள். வரிசையில் அடுத்து நின்றது ஜோதிமணி. யாரும் கெஞ்சவில்லை, அவளாகவே வந்திருந்தாள். அட்டையை நீட்டினாள். சாந்தம்மா வாங்கி, போட்டோவைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி போட்டோவைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து சத்தம் போட்டார்கள்.

"இது நீதானா?"

"நான்தான்டி."

"நிச்சயமா? உனக்குப் பதிலா வேற யாரும் வரலயே?"

"யாரும் வரல. நானேதான் வந்திருக்கன்."

சாந்தம்மா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது விரலை விடவில்லை.

"ராசியான பேருக்கா" என்றாள்.

"வாய மூடு" என்று சொல்லிவிட்டு, ஜோதிமணி படியேறினாள்.